மொரிஸ் மைனரில் டைனமோவைக் கழற்றி ஓல்டனேற்றர் போட்ட அனுபவம்

மழை நாளில் இரவு 7 மணிக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வந்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். அப்பாவின் மொரிஸ் மைனர் காரில் பற்றரியை சார்ஜ் பண்ண இருந்தது பழைய லூக்காஸ் டைனமோ. நன்றாக ஓடினாலே 22 அம்பியர்தான். காலி வீதி நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் தராது. வைப்பரும் ஹெட்லைற்றும் பற்றரியைத் தின்னும். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது லைற் மஞ்சளாகிவிடும்.

மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் தரும் ஓல்டனேற்றர் ஒன்றை, ஜப்பான் காரில் கழற்றியதை, பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையில் வாங்கினேன். மைனருக்குப் பிளஸ்தான் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ்தான் கார் உடம்போடு சேர்ந்திருக்கும். இதற்கோ மைனஸ் ஏர்த் வேண்டும். அப்படியே கொழுவினால், உள்ளே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் அந்த நொடியே போய்விடும். பற்றரியைத் திருப்பினோம், இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினோம், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தின பழைய கொன்ட்ரோல் பொக்ஸை விலக்கிவிட்டு பற்றரிக்குத் தடித்த வயர் இழுத்தோம். ஓல்டனேற்றரின் புலியை, அதாவது பெல்ட் ஓடும் சில்லை, பெல்ட்டுக்கு நேராக்க மெக்கானிக் பாஸ் ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டார். புது பிராக்கெட்டுக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ரும் அடித்துத் தந்தார்.

ஒரு கிழமைக்குள் பற்றரி இறங்கிவிட்டது. வேறொரு கடையில், "ஓல்டனேற்றர் செத்துப்போச்சு, மாத்துங்கோ" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மல்ரிமீற்றர் வைத்தேன். ஓடும்போது ஓல்டனேற்றரிலேயே அளந்தால் 14.2 வோல்ற், பற்றரியில் 12.9. மீதி எங்கே? ஒரு முனையை ஓல்டனேற்றரின் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸிலும் வைத்தேன்: 1.1 வோல்ற். பிராக்கெட்டின் அந்தப் பெயின்ற்தான் ஏர்த்தை மறித்திருக்கிறது! போல்ட் இருக்கும் இடங்களைச் சுரண்டி, உடம்பிலிருந்து என்ஜினுக்குத் தனி ஏர்த் வயரும் கொடுத்தேன். பற்றரியில் 14 வந்தது. நல்ல ஓல்டனேற்றரை எறிந்திருப்பேனே என்று இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

—

தம்பி, எனக்கு நடந்தது வேறு. கொட்டாஞ்சேனையில் டொல்பின் வான் ஓடின காலம். பகலில் மீற்றர் 14 காட்டும், விடிய எழும்பினால் பற்றரி வெறுமை. ஒருநாள் விடியக்காலை பொனற்றைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். என்ஜின் குளிர்ந்து கிடக்க, ஓல்டனேற்றர் மட்டும் இளஞ்சூடு. டயோட் ஒன்று பழுதாகி, இரவு முழுக்கக் கரண்ட் பற்றரியிலிருந்து ஓல்டனேற்றருக்குப் பின்னால் ஓடியிருக்கு. டயோட் தட்டு மட்டும் மாற்றினது. பிறகு பிரச்சினையே இல்லை.

—

நானும் மைனர்தான் வைத்திருக்கிறேன். டாஷ்போர்ட்டில் இருக்கும் சார்ஜ் லைற் பல்பை எல்ஈடியாக மாற்றி வினை தேடிக்கொண்டேன். ஸ்டார்ட் செய்த பிறகு பலமாக அக்சிலறேற்றரை மிதிக்கும்வரை சார்ஜே ஏறாது. ஓல்டனேற்றர் விழித்தெழத் தேவையான சிறு கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்ஈடி அவ்வளவை விடாது. பழைய 2.2 வாற் பல்பைத் திரும்பப் போட்டதும் சரி.

—

அக்கா, நல்லகாலம் சொன்னீங்கள், நானும் எல்ஈடி வாங்கி வைத்திருந்தேன். அண்ணை, நாளைக்கு விடியவே என் ஓல்டனேற்றரையும் தொட்டுப் பார்க்கிறேன்.