ஆரல்வாய்மொழிக் காற்றில் ஸ்கார்ஃப் நிற்க வழி உண்டா?

ஆரல்வாய்மொழிக்காரி:

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? காலையில் எதிர்க்காற்று. முகத்தில் சுற்றின ஷால் தோவாளை தாண்டுவதற்குள் கழுத்துக்கு இறங்கிவிடும். சாயங்காலம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். வண்டியை மெதுவாக்கினால் போதும், நுனி பறந்து வந்து ஹெல்மெட் கண்ணாடியை மூடும். பின் குத்தினால் துணி கிழிகிறது. வீடியோக்களில் காட்டுவதெல்லாம் ஃபேன்கூட ஓடாத அறையில் நின்று கட்டுகிற கட்டு.

சதுர ஸ்கார்ஃப் நல்லதா, நீளமானதா? எப்படிக் கட்டினால் நிற்கும்? ஆபீஸ் போனதும் அதையே கழுத்தில் அழகாகப் போட்டுக்கொள்ளவும் முடிய வேண்டும்.

திங்கள்சந்தை தையல்காரி:

மக்களே, முதலில் அந்த ரெண்டேகால் மீட்டர் ஷாலை வண்டிக்கு ஆகாது என்று தள்ளி வை. தொங்குகிற துணிதான் காற்றுக்குப் பிடி. சதுரம்தான் சரி. கடையில் தொங்கும் சாட்டின் ஸ்கார்ஃப் வேண்டாம். மினுமினுப்பாக இருக்கும், முடிச்சு வழுக்கும், வியர்வையை இழுக்காது. ஜவுளிக்கடையில் மல் காட்டன் என்கிற மெல்லிய பருத்தித் துணி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கு. நனைத்துக் காயப்போட்டு, சுருங்குவது சுருங்கி முடிந்த பிறகு ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, ஓரம் அடிக்கக் கொடு.

இனி கட்டு. முக்கோணமாக மடி. மடிப்பு ஓரத்தை ஒரு விரல் அகலம் உள்ளே மடக்கி நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வை. முனை முதுகுப் பக்கம் விழட்டும். ரெண்டு நுனியையும் தாடைக்குக் கீழே முடியாதே, அங்கே ஹெல்மெட் பட்டி வரும். தாடைக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், தொங்குகிற முனைக்கு மேலே போட்டு முடி. முனை அடியில் மாட்டிக்கொள்ளும்; பறக்க வழியில்லை. ஆனால் முடிச்சு பிடரி நடுவில் வரக்கூடாது. ஹெல்மெட் விளிம்பு அதன்மேல் உட்கார்ந்தால் வடசேரி சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும். காதுக்குக் கீழே ஒரு பக்கமாக ஒதுக்கு. மிச்ச நுனியைச் சுடிதார் கழுத்துக்குள் செருகு.

முடிச்சிலும் ஒரு காரியம் உண்டு. முதல் சுற்றில் வலது நுனி இடதுக்கு மேல் போனால், ரெண்டாவது சுற்றில் இடது நுனி வலதுக்கு மேல் போக வேண்டும். ரெண்டு தரமும் ஒரே மாதிரி போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பி நிற்கும், வண்டி குலுங்கக் குலுங்க நழுவும். சரியாகப் போட்டது தட்டையாகப் படுத்துக் கிடக்கும். பின்னால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்துக்கொள்.

தேங்காப்பட்டணம் உம்மா:

தையல்கார அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள். உள்ளே காட்டன் இன்னர் கேப் போடு. எங்கள் பிள்ளைகள் ஹிஜாபுக்கு அடியில் போடுவார்களே, அதுதான். முடி வழுவழுப்பில்தான் துணி பின்னுக்குப் போகிறது. தொப்பி மேல் துணி அசையாது. பின் குத்தியே ஆக வேண்டும் என்றால் காந்தப் பின் இருக்கிறது, துணி கிழியாது.

தக்கலை ஒர்க்‌ஷாப்:

பைக்கில் பின்னால் உட்கார்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இசடோரா டங்கன் என்று உலகப் புகழ்பெற்ற நடனக்காரி, 1927 செப்டம்பரில் பிரான்ஸின் நைஸ் நகரில் திறந்த காரில் போகும்போது, கழுத்தில் சுற்றியிருந்த நீளப் பட்டு ஸ்கார்ஃப் சக்கரத்தில் சிக்கி அந்த இடத்திலேயே போய்விட்டார். பைக் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதியே சொல்கிறது. நம் பையன்கள் சேலை கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு வருகிறார்கள், கேட்டால் லுக் போய்விடுமாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது என்ன லுக்கோ!

ஆரல்வாய்மொழிக்காரி:

அக்கா, நேற்று கட்டிக்கொண்டு போனேன். தோவாளை, வெள்ளமடம் எல்லாம் தாண்டியும் அசையவில்லை. நன்றி. ஆனால் ஆபீஸில் ஒருவர் பார்த்ததும் “என்ன, மீன்காரி மாதிரி கட்டிக்கொண்டு வந்திருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

திங்கள்சந்தை தையல்காரி:

சொல்ல வேண்டியதை நான் சொல்லித் தருகிறேன். யார் யாரை மாதிரிக் கட்டலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்ட ஊர் இது. அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. அந்தத் திருவிதாங்கூர் ராஜா 1859 ஜூலை 26ஆம் தேதி போட்ட பிரகடனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல் குப்பாயம் என்கிற மேல்சட்டை போடலாம், மீன்பிடிக்கிற முக்குவர் வீட்டுப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் போடக்கூடாது. தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைக்கிற மேல்துணி போடும் உரிமைக்காக, அத்தனை வருஷம் அடிபட்டு, சந்தையில் துணி கிழிபட்டு, கடைசியில் கிடைத்த உத்தரவிலும் இந்த ‘மாதிரி’ போகவில்லை. அப்புறம் மீன்காரி என்றால் என்ன குறைச்சல்? கடவம் என்கிற ஓலைப்பெட்டி நிறைய மீனைத் தலையில் வைத்து, கொளச்சல் கடற்கரையிலிருந்து ஊர் ஊராக நடந்தவர்கள். தோர்த்துத் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, கையை விட்டுவிட்டு நடப்பார்கள். அந்த ஆபீஸ்காரரை ஒரு நாள் அப்படி நடக்கச் சொல்லு பார்ப்போம்.

சரி, ஆபீஸுக்குள் போடுவது. அவிழ்த்து உதறு. முக்கோணத்தை முனைப் பக்கத்திலிருந்து மடித்து மடித்து நாலு விரல் அகலப் பட்டையாக்கு. நடுப்பாகத்தைத் தொண்டைக்கு முன்னால் வைத்து, நுனிகளைப் பின்னால் மாற்றி முன்னே கொண்டுவந்து, தோளெலும்புப் பக்கம் தள்ளி ஒற்றை முடிச்சு. இறுக்காதே, ரெண்டு விரல் உள்ளே போக வேண்டும். காலர் வைத்த டாப் என்றால் நுனியைக் காலருக்குள் விடு. பூப்போட்ட துணியானால் பட்டை மடிப்பில் பூ தெரியாது; கரை போட்டதோ கட்டம் போட்டதோ எடு, அதில் கரை வளைந்து வருவது எடுப்பாக இருக்கும்.

ரெண்டு துணியாக எடுத்துவிடு. ஆடிச் சாரலில் முந்தின நாள் துவைத்தது மறுநாள் காலைக்குள் காயாது.

ஆரல்வாய்மொழிக்காரி:

ஓரம் அடிக்க உங்களிடமே கொண்டுவரட்டுமா அக்கா? ஞாயிறு கடை உண்டா?

திங்கள்சந்தை தையல்காரி:

ஞாயிறு கோயில் முடிந்து பதினொன்றுக்கு மேல் வா. துணியை நனைத்துக் கொண்டுவர மறக்காதே.