ஹைபிரிட் காரின் மின்சாரக் கூலன்ட் பம்ப்: புதிது போட்டும் அதே கோளாறு

கேட்டவர், யாழ்ப்பாணம்:

வணக்கம். என்னுடையது 2011 ஆம் ஆண்டு ஜப்பானில் தயாராகி இங்கு இறக்குமதியான ஹைபிரிட் கார். இதன் எஞ்சினில் தண்ணீர்ப் பம்ப் பெல்ட்டால் சுற்றுவதில்லை; 12 வோல்ட் மின்சாரத்தில் தனியாகச் சுற்றுகிறது. சென்ற மாதம் கொழும்புக்குப் போகும் வழியில், முறிகண்டியில் தேங்காய் உடைப்பதற்காக வேகத்தைக் குறைத்த நேரத்தில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. ரேடியேற்றர் விசிறியும் பெருஞ்சத்தத்துடன் சுழன்றது. அரை மணித்தியாலம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. ஸ்கேனரில் பி261பி (P261B, தண்ணீர்ப் பம்பின் இயக்கத்தில் கோளாறு) என்ற பிழைக் குறியீடு இருந்ததால் கராஜில் பம்பை மாற்றினார்கள். மூன்றாம் நாளே, நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓடியபின், அதே விளக்கு மீண்டும் எரிந்தது. போட்ட பம்பும் பழுது, இன்னொன்று வாங்குங்கள் என்கிறார்கள். நானே கொனெக்டரைக் கழற்றி மல்டிமீற்றரால் பார்த்தேன், 12.3 வோல்ட் வருகிறது. ஆகவே மின்சாரம் சரி, பம்ப்தான் பிழை என்று கொள்ளலாமா?

முதற் பதில், கொக்குவில்:

பம்போடு கூலன்ட்டையும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றிய பிறகு காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே காற்று தங்கினாலும் இதே போலத்தான் சூடேறும். எதை ஊற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் படிய வைக்கும் சுண்ணாம்பை, ரேடியேற்றரிலும் படிய வைக்கும்.

இரண்டாம் பதில், வாகன மின்வேலை செய்பவர்:

ஐயா, அவசரப்பட்டு அடுத்த பம்ப் வாங்க வேண்டாம். கொனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டமே இல்லாத இடத்தைத்தான் அளக்கிறீர்கள். கூரைத் தாங்கியிலிருந்து வரும் குழாய் பாதி அடைத்திருந்தாலும், பைப்பைப் பூட்டி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுமையாகவே இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூல்போல வருவது தெரியும். அதுபோல, வயரில் ஒரே ஓர் இழை மட்டும் அறாமல் மிஞ்சியிருந்தாலும் உங்கள் மீற்றர் 12.3 என்றே காட்டும். பம்ப் சுற்றத் தொடங்கிச் சில ஆம்பியர் இழுக்கும்போது அந்த வோல்ட் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

காற்றைப் பற்றி முதலில் எழுதியவர் சொன்னது நியாயமானது, ஆனால் அதைப் பிரித்தறியலாம். காற்றில் சுற்றும் பம்புக்குச் சுமை இல்லாததால் அது குறைந்த மின்னோட்டத்தில் கூடுதல் வேகமாக ஓடும். ஸ்கேனரில் எஞ்சின் கணினி கேட்கும் வேகத்தையும் பம்ப் திருப்பிச் சொல்லும் வேகத்தையும் ஒப்பிடுங்கள். உங்களுடையதில் குறைவாக இருந்தால் காற்றின் மேல் பழி போட முடியாது. ஆறியதும் சரியாகிவிடுவதைப் பார்த்தால், சூட்டில் மின்தடை கூடும் ஏதோ ஓர் இணைப்பின் மேல்தான் என் சந்தேகம்.

இனிச் செய்ய வேண்டியது: பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பிடியுங்கள். கோளாறு வந்தவுடன் வாகனத்தை நிறுத்தி, எஞ்சின் தானாகத் தொடங்கிவிடாதபடி இக்னிஷன் மட்டும் போட்ட நிலையில், பம்பின் கொனெக்டரைக் கழற்றி அதன் மின்வழங்கல் முனைக்கும் நில (எர்த்) முனைக்கும் இடையே பல்பைச் சில விநாடிகள் தொடுங்கள். அது ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே அதன் இரு முனைகளிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். மற்ற இரண்டு மெல்லிய வயர்கள் கணினியின் கட்டளைக்கும் வேகத் தகவலுக்கும் உரியவை. அவற்றில் 12 வோல்ட்டைத் தொடவே கூடாது. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை, அவற்றின் பக்கமே போகாதீர்கள். விசிறி எந்த நேரமும் சுழலக்கூடும், கையையும் சட்டை நுனியையும் விலக்கி வையுங்கள். ரேடியேற்றர் மூடியை ஆறும்வரை திறக்க வேண்டாம்.

கேட்டவர்:

மிக்க நன்றி. நேற்று மத்தியானம் வேண்டுமென்றே ஓட்டிச் சூடேற்றினேன். கணினி கேட்டதைவிடப் பம்பின் வேகம் குறைவாகவே இருந்தது. பல்பு மெழுகுதிரிபோல மஞ்சளாக எரிந்தது; அதன் முனைகளில் 8.6 வோல்ட், அதே நேரத்தில் பற்றரியில் 12.2. நீங்கள் சொல்லாமலே இன்னொன்றும் செய்தேன்: பல்பு எரியும்போது பற்றரியின் மறை முனையிலிருந்து பம்பின் நில முனைக்கு அளந்தேன், 0.1 வோல்ட். நேர்ப் பக்கத்தில் 3.5.

மின்வேலை செய்பவர்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அடுத்து அதைத்தான் கேட்க இருந்தேன். நிலம் சுத்தம், முழு நட்டமும் நேர்ப் பக்கத்தில்தான். இனிப் பற்றரியிலிருந்து ஃபியூஸுக்கு முன், பின், ரிலேக்கு (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) முன், பின் என்று ஒவ்வோர் இடமாக அளந்து வாருங்கள். இலக்கம் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் கள்ளன். ரிலேயைப் பிடுங்கும்போது அதன் கால்களின் நிறத்தையும் பாருங்கள்.

கேட்டவர்:

நட்டம் ரிலேக்கு முன் 0.1 வோல்ட், பின் 3.4. அதே இலக்கமுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டும் மாறவில்லை. சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பித்தளை முனை வாய் விரிந்து நீலம் பாய்ந்திருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக்கும் பொரிந்திருந்தது. அந்த முனையை வெட்டியெடுத்துப் புதிதொன்று பிடித்த பிறகு மொத்த நட்டம் 0.2 வோல்ட்டாகக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வவுனியா வரை போய்த் திரும்பினேன், வெப்பம் 90 பாகை செல்சியசைச் சுற்றியே நின்றது. கராஜில் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர்தான் என்றும் தெரிந்துகொண்டேன். வெளியேற்றிக் கழுவி, உரிய கூலன்ட் ஊற்றக் கொடுத்திருக்கிறேன். முதலில் கழற்றிய பம்ப் இன்னும் டிக்கியில் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி கிடக்கிறது. அது நல்லதாக இருக்குமோ?

மின்வேலை செய்பவர்:

பெரும்பாலும் நல்லதுதான். கொனெக்டருக்குள் கூலன்ட் கசிந்த கறையோ பச்சைப் பூச்சோ இல்லாமல், உள்ளிருக்கும் இறக்கைச் சில்லு விரலால் தடையின்றிச் சுற்றினால் எடுத்து வையுங்கள். மேசையில் வைத்து வெறுமனே ஓட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். அதன் பேரிங்குக்கு மசகே கூலன்ட்தான்.