புதுப்பிப்பு: பட்டாணி உப்புக்கொத்தி படம் கிடைத்துவிட்டது

முக்கொம்புக்கு அருகே காவிரி மணலில் பட்டாணி உப்புக்கொத்தி என்ற சின்னக் கரையோரப் பறவை 30 மீட்டருக்குள் நெருங்கவே விடுவதில்லை, எடுத்த படமெல்லாம் கலங்கலாக வருகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "பறவையைத் தேடிப் போகாதீர்கள், அது வரும் இடத்தில் முன்பே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனைதான். விடியும் முன்பே நீரோரத்தில் குப்புறப் படுத்தேன். கேமராவுக்கு அடியில் மணல் நிரப்பிய துணிப்பை. ஆறரை மணிக்கு ஓட்டம், நிறுத்தம், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்று அதுவாகவே 8 மீட்டர் தூரத்துக்கு வந்தது. ஈரச் சேற்றில் ஒற்றைக் காலை நடுங்கவைத்து இரையைக் கிளப்பியதைக்கூடப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் துல்லியமாக விழுந்திருக்கிறது. உருமறைப்பு உடை வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும்; பழைய காக்கிச் சட்டையே போதுமானதாக இருந்தது.

எதிர்பாராதது: கலங்கலுக்கு லென்ஸ் காரணமில்லை, வெயில் ஏறியபின் மணலிலிருந்து எழும் கானல்தான். அதே லென்ஸ், ஏறக்குறைய அதே தூரம். ஏழு மணிப் படத்தில் இறகை எண்ணலாம், ஒன்பது மணிப் படத்தில் கண்ணே தெரியவில்லை. வெள்ளை மார்பு வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்தேன்.

திரும்பும்போது வேறொரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. நடிப்பு! பக்கத்தில் கூடு இருக்கிறது என்று பொருள். முட்டை கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும், மிதித்தாலும் தெரியாது. வந்த தடத்திலேயே கால் வைத்து வெளியேறினேன். மே முடியும்வரை அந்தத் திட்டுக்குப் போவதாக இல்லை.