பொண்ணு ரைஃபிள்ல நல்லா அடிக்கிறா, பிஸ்டல் எடுத்தா எல்லாம் இடது பக்கம் கீழ போகுது, என்ன காரணம்?

கோத்தகிரி_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க கோத்தகிரி பக்கம், கொஞ்சம் தேயிலை வெச்சிருக்கோம். பொண்ணு எட்டாவது படிக்கிறா. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினதுல இருந்து வீட்ல ஷூட்டிங் பேச்சு தான். போன வாரம் ஊட்டி பக்கம் ஒரு ஸ்கூல் ஹால்ல, கோயம்புத்தூர்ல இருந்து கோச் ஒருத்தர் வந்து நாள் பூரா பிராக்டீஸ் வெச்சிருந்தாங்க, கூட்டிட்டுப் போனேன். காலையில ஏர் ரைஃபிள், மத்தியானம் ஏர் பிஸ்டல், ரெண்டுமே 10 மீட்டர்.

முதல்ல ரொம்ப நேரம் துப்பாக்கிய தொடவே விடல, பேரல் குள்ள ஆரஞ்சு கலர் நைலான் ஒயர் ஒண்ணு முழுசா நுழைச்சு ரெண்டு பக்கமும் வெளிய தெரியிற மாதிரி வெச்சிருந்தாங்க, அத எடுக்கறது எப்போ போடறது எப்போ, ‘ஸ்டாப்’னு சத்தம் வந்தா என்ன பண்ணணும், இது மட்டும் தான் திரும்பத் திரும்ப. எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்தது. அப்புறம் ரைஃபிள ஸ்டாண்ட் மேல வெச்சு அடிக்க விட்டாங்க, பொண்ணு அடிச்சது பூரா ஒரு ரூபா காசு வெச்சா மூடிடும், அவ்ளோ நெருக்கமா விழுந்துது. மத்தியானம் பிஸ்டல், ஒத்தக் கையில நீட்டிப் பிடிக்கணும், அங்க தான் பிரச்சனை. அட்டை முழுக்க சிதறல், அதுலயும் முக்காவாசி இடது பக்கம் கீழ, கடிகாரத்துல 7 மணி இருக்கற இடத்துல. அவ வலது கை பழக்கம்.

கோச்ச சுத்தி நிறைய பசங்க, கேக்க முடியல. கூட வந்த பெரியவர் ஒருத்தர் அட்டைய பாத்துட்டு “பொண்ணுக்கு பிஸ்டல் வராது, ரைஃபிள்லயே விட்டுடுங்க”ன்னு சொல்லிட்டார், அவளுக்கு முகமே வாடிப் போச்சு. அவளுக்கு ஆசை பிஸ்டல் மேல தான். ஒரு நாள் அட்டைய பாத்து அப்படி சொல்ல முடியுமாங்க? அப்புறம் மலைக் குளிர்ல கை விறைக்கறது ஒரு காரணமா இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எக்ஸ்_மெட்ராஸ்_ரெஜிமென்ட்:
வணக்கம் தம்பி. நான் வெலிங்டன் எம்.ஆர்.சி.ல (மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம்) ரெக்ரூட்டா சேந்து, சர்வீஸ் முடிச்சு இப்ப குன்னூர்ல இருக்கேன், பசங்களுக்கு ஏர் பிஸ்டல் சொல்லித் தர்றேன். முதல்ல ஒண்ணு, அந்தப் பெரியவர் சொன்னத பொண்ணு மனசுல இருந்து எடுத்துடுங்க. வலது கைக்காரங்க அடிச்சது 7 மணி பக்கம் போனா அது பிஸ்டல் வராதுங்கறதுக்கு அடையாளம் இல்ல, டிரிகர வெடுக்குனு இழுக்கறாங்கன்னு அர்த்தம். புதுசா பிஸ்டல் எடுக்கற பத்துல எட்டு பேர் அட்டை நான் பாத்த வரைக்கும் இப்படித்தான் இருக்கும். கருப்பு வட்டத்துல சைட் (துப்பாக்கி மேல குறி பாக்கற முனை) வந்து நிக்குது, ‘ஆ இப்போ’ன்னு மனசு சொல்லுது, விரல் மட்டும் நகர வேண்டிய இடத்துல மொத்தக் கையும் இறுகுது, மணிக்கட்டு ஒரு நூல் கீழ மடங்குது, குண்டு இடது கீழ.

ரைஃபிள்ல இது ஏன் தெரியலன்னா கணக்கு இருக்கு. மேட்ச் ஏர் பிஸ்டல் டிரிகர் குறைஞ்சது 500 கிராம் இருக்கணும்னு ரூல், துப்பாக்கியே ஒரு கிலோ சொச்சம் தான். அதாவது துப்பாக்கி எடையில பாதி அளவு விசைய ஒத்த விரல்ல குடுக்கறோம், அதுவும் ஒரு கையில தொங்கிட்டு இருக்கறப்போ. ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம், டிரிகருக்கு குறைஞ்சபட்ச எடைன்னு ஒண்ணும் கிடையாது, சும்மா தொட்டா விடற அளவுக்கு வெச்சுக்கலாம். அதுலயும் அன்னிக்கு ஸ்டாண்ட் மேல வெச்சு அடிச்சிருக்கா. ரெண்டு அட்டையையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதே தப்பு.

இன்னொண்ணு சைட். ஏர் பிஸ்டல்ல முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல சுமார் 32 சென்டிமீட்டர். முன் சைட், பின் சைட்டோட பள்ளத்துல நடுவுல இல்லாம 1 மில்லிமீட்டர் விலகி இருந்தா 10 மீட்டர் தூரத்துல அது 31 மில்லிமீட்டர் ஆயிடும். பிஸ்டல் அட்டையில வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர், அப்ப கிட்டத்தட்ட நாலு வளையம் காலி. ஆனா ரெண்டு சைட்டும் ஒழுங்கா ஒண்ணா நின்னு கை மொத்தமா 1 மில்லிமீட்டர் ஆடினா அட்டையிலயும் அதே 1 மில்லிமீட்டர் தான் ஆடும். பசங்க எல்லாம் கை ஆடறதுக்கு பயந்து சைட்ட விட்டுடறாங்க. கை ஆடும் தம்பி, யாருக்கும் ஆடும், ஆட விடுங்க. முன் சைட் கத்தி முனையா தெளிவா தெரியணும், டார்கெட் மங்கலா தெரியணும், கருப்புக்கு கீழ கொஞ்சம் வெள்ளை விட்டு அந்த எடத்துல பிடிக்கணும். கருப்ப உத்துப் பாக்கற வரைக்கும் பிஸ்டல் வசப்படாது.

விரல் வேலைக்கு நான் பசங்களுக்கு சொல்றது, கண்ணு மருந்து பாட்டில அமுக்கி ஒரே ஒரு சொட்டு விழ வைக்கிறோமே அந்த மாதிரி, எப்போ விழும்னு தெரியாது, அமுக்கிட்டே இருக்கோம், விழும். அப்படி விடணும். தூக்கிப் பிடிச்சு பத்து செகண்டுக்குள்ள போகலன்னா கைய இறக்கிடணும், மூச்சு விட்டு மறுபடி தூக்கணும். இறக்கத் தெரிஞ்ச பிள்ளை தான் பின்னாடி நல்லா வரும். அப்புறம் முதல் மாசம் மார்க் எண்ணவே எண்ணாதீங்க, குரூப்பிங் மட்டும் பாருங்க, அதாவது குண்டெல்லாம் எவ்ளோ நெருக்கமா விழுதுன்னு. எல்லாம் ஒரே இடத்துல விழுந்தா சைட்ட திருகி நடுவுல கொண்டு வந்துடலாம்.

கொடை_ஷூட்டர்_அம்மா:
அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. என் பையனும் ஏர் பிஸ்டல் தான், கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டு இறங்கி மதுரைக்கு போய் வந்துட்டு இருக்கோம், அதனால மலை மேல இருந்து இத பண்றவங்க கஷ்டம் எனக்கு தெரியும்.

குளிர் பத்தி கேட்டீங்கல்ல, ஆமாங்க, அது கண்டிப்பா ஒரு காரணம் தான். விரல் நுனி மரத்துப் போனா டிரிகர் எங்க கெட்டியாகுது எங்க விடுதுன்னு தெரியாது, தெரியாதப்போ இழுக்கத்தான் தோணும். நின்னு அடிக்கற லைனுக்கு போற வரைக்கும் கையுறை போட்டு விடுங்க, பாக்கெட்ல கை வெச்சுக்கட்டும், நடுவுல நடுவுல தேய்ச்சு விடுங்க. கண்ணாடி போடற பொண்ணா இருந்தா இன்னொரு தொல்லை, வெளிய மஞ்சுல நின்னுட்டு ஹாலுக்குள்ள வந்ததும் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சுடும், ஒரு கால் மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடுங்க. துப்பாக்கிக்கும் அதே தான், குளிர்ந்த பெட்டிய உள்ள கொண்டு வந்து உடனே திறந்தா இரும்பு மேல ஈரம் பூத்துடும், பெட்டி மூடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும், அடிச்சு முடிச்சதும் துடைச்சு வைங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு நான் சொல்றேன், பெல்லட் (ஏர் கன் குண்டு) பூரா ஈயம். அத எண்ணி எண்ணி எடுத்து போட்ட கையோட பசங்க பிரேக்ல நேரா வர்க்கியும் டீயும் எடுக்குதுங்க, எனக்கு பாத்தாலே பதறும். ஐஸ் மாதிரி தண்ணியா இருந்தாலும் சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் வாய்ல எதுவும் வைக்கணும், வீட்டுக்கு வந்ததும் அந்த டிரெஸ்ஸ தனியா துவைக்கணும். லைன் பக்கத்துல சாப்பாட்டு டப்பாவே திறக்கக் கூடாது. சின்னப் பசங்க உடம்புக்கு ஈயம் ஆகவே ஆகாது, மூளை நரம்ப பாதிக்கும், இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

செலவு பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன், ரைஃபிள்னா துப்பாக்கியோட முடியாது, கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், ஷூ, கிளவுஸ் எல்லாம் வேணும், வளர்ற பிள்ளைக்கு ரெண்டு வருஷத்துல எல்லாம் சின்னதாயிடும். பிஸ்டலுக்கு அதெல்லாம் வேண்டாம், சாதாரண ஷூவே போதும், பின்னாடி கைக்கு ஏத்த மாதிரி மரப் பிடி செதுக்கி வாங்கணும், அது ஒண்ணு தான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க, கிளப் துப்பாக்கியிலயே ஓட்டுங்க.

கூடலூர்_10எம்:
நான் காலேஜ் ஸ்டூடன்ட், கோவைல படிக்கிறேன், ஊர் கூடலூர், யுனிவர்சிட்டி டீம்ல ஏர் ரைஃபிள். ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறேன். எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு ஒரு கிலோ பிஸ்டல ஒன்னேகால் மணி நேரம் திரும்பத் திரும்ப தூக்கி நீட்டிப் பிடிக்கறது சும்மா இல்ல (எலக்ட்ரானிக் டார்கெட்ல 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம்), தோள் வலி வந்தா ஆசையே விட்டுப் போயிடும். ஆறு மாசம் ரைஃபிள்ல நின்னு மூச்சு, டிரிகர், ஷாட் போனதுக்கு அப்புறமும் அசையாம இருக்கறது இதெல்லாம் படிஞ்சுட்டு அப்புறம் பிஸ்டலுக்கு மாறட்டும்னு தான் நான் சொல்வேன். ரைஃபிள்லயும் சும்மா இல்லீங்க, 10 பாயின்ட்ங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, பிஸ்டல்ல அதே 10 வந்து 11.5 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட் 10.8 அடிச்சு தங்கம் எடுத்தப்போ அந்தப் புள்ளியோட நடுவுல குண்டு போயிருக்கு, அத நினைச்சா இன்னிக்கும் எனக்கு சிலிர்க்கும். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவனும் ரைஃபிள் தான், 2019ல வேர்ல்ட் கப் தங்கம். பொண்ணுகிட்ட அவங்க ஷூட் பண்ற வீடியோ போட்டுக் காட்டுங்க, மூஞ்சில ஒரு சலனம் இருக்காது.

எக்ஸ்_மெட்ராஸ்_ரெஜிமென்ட்:
கூடலூர் தம்பி, தோள் பத்தி நீங்க சொல்றது சரி, அத ஒத்துக்கறேன். ஆனா ஆசை இருக்கற பிள்ளைய ஆறு மாசம் வேற பக்கம் திருப்பினா ரெண்டும் இல்லாம போயிடும், நான் பாத்திருக்கேன். அதுக்கு வழி, பிஸ்டலே குடுங்க, கம்மியா குடுங்க. ஒரு நாளைக்கு இருபது ஷாட்டுக்கு மேல வேண்டாம், அதுல முதல் பத்து வெள்ளை அட்டையில. கருப்பு வட்டமே இல்லாத வெறும் அட்டை, குறி வைக்க எதுவும் இல்லாததால கண்ணு தானா சைட்டுக்கு வந்துடும், அவசரமும் இருக்காது. அந்த அட்டையில குரூப் சின்னதாகறத பொண்ணே பாப்பா.

அப்புறம் மனு பாக்கர் பத்தி முதல்ல எழுதியிருந்தீங்க, அந்தப் பொண்ணுக்கு டோக்கியோல தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் பழுதாகி நேரம் போச்சு, ஃபைனலுக்கே போகல. மூணு வருஷம் கழிச்சு தான் பாரிஸ். ஒரு நாள் அட்டைய வெச்சு முடிவு பண்றவங்களுக்கு இத சொல்லுங்க.

ஹட்டி_விவசாயி:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணாம்னு சொல்றாங்களே, எங்க கேரட் காட்டுல காட்டுப்பன்னி தொல்லை தாங்கல, அத வெச்சு விரட்டலாமா?

கொடை_ஷூட்டர்_அம்மா:
வேண்டவே வேண்டாம்ங்க. குண்டு அளவு 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் கன்னுக்கு தான் லைசென்ஸ் வேண்டாம், அது அட்டையில ஓட்டை போடற சக்தி. பன்னி மேல பட்டா சாகாது, காயத்தோட புண்ணாகி சுத்தும், யார் மேலயாவது பாயும், உங்க மேல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் வரும். உங்க நஷ்டம் எனக்கும் தெரியும், எங்க பக்கமும் அதே நிலைமை, ஆனா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து இழப்பீடு கேக்கறது தான் வழி. ஒருத்தர் இப்படி பண்ணினா மலையில இருக்கற எல்லா ஷூட்டிங் பசங்க பெட்டியையும் செக்போஸ்ட்ல பிரிச்சுப் பாப்பாங்க.

பாயின்ட் டூ டூ (மருந்துத் தோட்டா போடற .22 துப்பாக்கி) வேற கதை, அதுக்கு லைசென்ஸ் கட்டாயம், வாங்க 21 வயசு ஆகணும், 12 தாண்டின பசங்க பயிற்சிக்கு பெரியவங்க மேற்பார்வையில கிளப் துப்பாக்கியில தான். கோத்தகிரி அண்ணா, உங்க பொண்ணுக்கு இப்ப அது பத்தி யோசனையே வேண்டாம்.

கோத்தகிரி_அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டிரிகர் எடை கணக்கையும் 31 மில்லிமீட்டர் கணக்கையும் பொண்ணே பேப்பர்ல போட்டுப் பாத்தா, சரியா வந்துதுன்னு சொல்லிட்டு எழுந்து போய் ஸ்கேல எடுத்து நீட்டிப் பிடிச்சு நிக்க ஆரம்பிச்சுட்டா. நாங்க பிஸ்டல்லயே போறோம், கம்மி ஷாட், வெள்ளை அட்டை. இன்னும் ரெண்டு கேள்வி. சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய ஏர் பிஸ்டல் இருக்கு, வீட்ல குண்டு போடாம சும்மா டிரிகர் பழக குடுக்கறேன்னு சொல்றார், வாங்கலாமா? இன்னொருத்தர் காத்து அடைக்கற சிலிண்டர் வெச்ச பிஸ்டல் செகண்ட் ஹேண்ட்ல விக்கிறார், அது எப்படி?

எக்ஸ்_மெட்ராஸ்_ரெஜிமென்ட்:
முதல்ல சொந்தக்காரர் பிஸ்டல் ஸ்பிரிங்கா இல்லையான்னு பாருங்க. பேரல மடக்கி லோட் பண்றதுன்னா பெரும்பாலும் ஸ்பிரிங், அதுல குண்டு இல்லாம விட்டா பிஸ்டன் நேரா முட்டி உள்ள சீல் போயிடும், டிரிகர் பழக அது ஆகாது. மேட்ச் பிஸ்டல்ல இதுக்குன்னே டிரை ஃபயர் வசதி இருக்கும், காத்து போகாம டிரிகர் மட்டும் விழும். வீட்ல பண்ணினாலும் பேரல்ல குண்டு இல்லன்னு ரெண்டு பேர் பாக்கணும், பெல்லட் டப்பா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது, சுவத்த பாத்து மட்டும் பிடிக்கணும்.

செகண்ட் ஹேண்ட்னா சிலிண்டர் மேல பொறிச்சிருக்கற தேதிய படிங்க, தயாரிச்சு 10 வருஷம் தாண்டினத தொடாதீங்க, 200 பார் அழுத்தம் அடைச்சு பிள்ளை முகத்துக்கு நேரா பிடிக்கற சாமான். விக்கிறவர் கைப் பம்புல காத்து அடிச்சிருந்தார்னா ஈரம் வடிகட்டற ஃபில்டர் போட்டாரான்னும் கேளுங்க, நம்ம ஊர் மஞ்சுல அது இல்லாம அடிச்சா தண்ணி உள்ள போய் துருப்பிடிக்கும். சிலிண்டர் போட்டோவும் சொந்தக்காரர் பிஸ்டல் மாடல் பேரும் இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.