புதுப்பிப்பு: டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் பொறி பலமாகிவிட்டது

கிக் அடித்தாலும் வண்டி லேசில் பிடிப்பதில்லை, பிளக்கில் பொறி மங்கலான ஆரஞ்சாக வருகிறது, பெரிய காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். காயிலை மாற்றவே தேவைப்படவில்லை.

காயில் போல்ட்டுக்கு அடியில் பெயின்டும் துருவும் அடைத்து எர்த் (வண்டி பாடியோடு மின் இணைப்பு) சரியாகக் கிடைக்காமல் இருந்தது. உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் பிளக் ஒயரின் நுனி பச்சை பூத்திருந்தது. கொஞ்சம் வெட்டிவிட்டு பிளக் மூடியைத் திருகினேன். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. இப்போது பொறி நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு அடிக்கிறது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

பொறி தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிளக் இடைவெளியும் சிலிண்டர் அழுத்தமும்தான் முடிவு செய்கின்றன. பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடர்பு முனைகள்) வைத்த வண்டி என்றால், அதோடு இணைந்த கண்டென்சரையும் (மின்தேக்கி) பாருங்கள். அது போனால் பாயின்ட் முனைகள் கருகிவிடும்.