புதுப்பிப்பு: ஒரே தேதி ஒரு லாகினில் மார்ச், இன்னொன்றில் ஏப்ரல் (தீர்ந்தது)

பெங்களூரு ஆபீஸ் எஸ்.கியூ.எல். சர்வரில் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) '2025-03-04' என்று கொடுத்தால் அதை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் மார்ச் 4, ரிப்போர்ட் டூலில் ஏப்ரல் 3 என்று வருவதாகக் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

விண்டோஸ் ரீஜனை மாற்றியதில் பலனில்லை. "லாகினோட டீஃபால்ட் மொழியைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. கனெக்ஷனின் மொழி, தேதி அமைப்புகளைக் காட்டும் டிபிசிசி யூசர்ஆப்ஷன்ஸ் கட்டளையை ஓட்டியதும் தெரிந்தது: டூலின் லாகினில் பிரிட்டிஷ், என்னுடையதில் யு.எஸ். இங்கிலீஷ். சர்வரின் டீஃபால்ட்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள லாகின்களை அது தொடாது. ஆல்டர் லாகின் கட்டளையால் லாகினின் மொழியை மாற்றி, மறுபடி கனெக்ட் செய்த பிறகே சரியானது.

எதிர்பாராதது ஒன்று: பிரிட்டிஷில் டேட்டைம் என்ற டேட்டா வகை '2025-03-04' என்பதை ஆண்டு-நாள்-மாதம் என்று படிக்கிறது. நாள் 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாறிவிடும், 13 முதல்தான், அப்படியொரு மாதம் இல்லாததால், பிழை 242 வரும். (பாதி மாதம் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.) இப்போது நடுவில் '-' குறி இல்லாமல் '20250304' என்றே அனுப்புகிறோம். டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தத் தொல்லை இல்லை.