தம்பி கடனுக்கு அம்மாவின் இபிஎப் பணத்தை எடுக்கலாமா?

கெட்டில்காரி:

வணக்கம். நான் மலேசியாவில் கெடா மாநிலம், கோல கெட்டில் பக்கம். டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். வயது 58. அவர் பெயரில் இபிஎப்பில் (ஊழியர் சேமநிதியில்) 38,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

தம்பி கூலிமில் ஃபேக்டரியில் வேலை. ஓவர்டைம் எல்லாம் சேர்த்துக் கையில் வருவது 2,300. காடிக்கு, அதாவது காருக்கு, மாதம் 544 (45,000 கடன், 9 வருடம், 3.4 விழுக்காடு, இன்னும் 72 மாதம் பாக்கி). கல்யாணத்துக்கு எடுத்த பெர்சனல் லோனுக்கு 371 (20,000, 7 வருடம், 8 விழுக்காடு). கிரெடிட் கார்டில் 6,000 நிற்கிறது, அதற்குக் குறைந்தபட்சம் 300. எல்லாவற்றுக்கும் மேலே ஆலோங்கிடம் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம்) 3,000 வாங்கி, மாதம் 600 வட்டி மட்டும் ஐந்து மாதமாகக் கட்டுகிறான். முதல் அப்படியே நிற்கிறது. அவனுடைய ஏடிஎம் கார்டு அவர்கள் கையில். சம்பளம் ஏறின அன்றே 600-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். ஆக 1,815 போக, பால் மாவுக்கும் வாடகைக்கும் சேர்த்து அவன் கையில் 485.

இதெல்லாம் போன வாரம்தான் எங்களுக்குத் தெரியும். மோட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பேங்க் கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மழைத்தண்ணீர் இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது. நானும் அவன் மனைவியும் சாப்பாட்டு மேசையில் மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வைத்துத்தான் இந்தக் கணக்கையே போட்டோம்.

மாமா சொல்வது: "காடியைத் தூக்கிவிட்டால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது, அக்கா பணத்தை எடுத்துக் காடிக் கடனை முடித்துவிடு." அவருடைய நண்பர் சொல்வது: காடியை வேறு ஒருத்தரிடம் கொடுத்து, மீதித் தவணையை அவரே கட்டுகிற மாதிரி 'சம்போங் பாயார்' செய்துவிடு. அம்மா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:

பாரும்மா, அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதே. எஸ்டேட் ஆபீசில் சம்பளப் புத்தகம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். கணக்கோடு சொல்கிறேன்.

3.4 விழுக்காடு என்பது கடன் முழுவதற்கும் ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துப் போட்ட தட்டை வட்டி. மாதாமாதம் குறைகிற பாக்கியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 6.2 வரும். அம்மாவின் இபிஎப்புக்கு 2024-இல் கிடைத்த லாப ஈவு 6.3. அந்தப் பணத்தை எடுத்துக் காடியில் போட்டு என்ன மிச்சம்?

அதோடு, முன்கூட்டி முடித்தால் வட்டித் தள்ளுபடி '78 விதி'ப்படிதான் வரும். வட்டியில் பெரும்பங்கை பேங்க் முதல் வருடங்களிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். உன் தம்பி கட்ட வேண்டிய பாக்கி 39,180. தள்ளுபடி சுமார் 6,100. ஆக, முடிக்க 33,000 வேண்டும். அம்மா கையில் மிஞ்சுவது 5,000. அதே 33,000 கணக்கிலேயே கிடந்தால் வருடத்துக்கு 2,000-ஐ ஒட்டி வரும். ஈவு ஏறும் இறங்கும், 2023-இல் 5.5 தான் கொடுத்தார்கள். இருந்தாலும் மூன்று நான்கு வருடத்தில் அந்த 6,100 அம்மா கணக்கில் ஏறிவிடும்.

கழுத்தை நெரிப்பது காடி இல்லை, ஆலோங். லைசென்ஸ் உள்ளவரே அடமானம் இல்லாமல் கொடுத்தால் வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் அப்படிச் சொல்கிறது. 3,000-க்கு அது மாதம் 45 வெள்ளி. இவன் 600 கட்டுகிறான்! ஐந்து மாதத்தில் வாங்கிய முதலையே கொடுத்தாகிவிட்டது. அடுத்தது கார்டு, வருடத்துக்கு 18 வரை போகும். கல்யாணக் கடனின் 8 விழுக்காடும் தட்டைக் கணக்குதான், உண்மையில் 13, 14 ஆகும். காடி கடைசி.

பேங்க் கடன் மூன்றையும் தூக்கிக்கொண்டு, கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போகச் சொல். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, காசு வாங்க மாட்டார்கள். வரவு செலவைப் பார்த்து, பேங்குகளோடு பேசி, தவணையை மாற்றி அமைத்துக் கொடுப்பார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை புதுக்கடன் எடுக்க முடியாது. இந்தப் பையனுக்கு அதுவே நல்லது. ஏகேபிகேவுக்கு ஏஜெண்ட் கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன், ஐந்நூறு கொடு" என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பு.

கூலிம் நைட்ஷிப்ட்:

அக்கா, சம்போங் பாயார் வேண்டவே வேண்டாம். பேங்க் சம்மதம் இல்லாமல் காடியைக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் (தவணைக் கடனில் வாங்குவது) சட்டப்படி குற்றம். கடன் உங்கள் தம்பி பெயரில்தான் இருக்கும், சம்மனும் அவர் பெயருக்குத்தான் வரும். எங்கள் லைனில் ஒருத்தர் அப்படிக் கொடுத்தார். வாங்கினவர் மூன்று மாதம் கட்டிவிட்டு ஃபோனை மாற்றிவிட்டார். காடி எங்கே என்று இன்றுவரை தெரியாது.

காடியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பேங்க் ஏலம் விட்டு, குறைகிற தொகையைத் தம்பியிடம்தான் கேட்கும். ஆனால் மாமா பயப்படுகிற மாதிரி நாளைக்கே வந்து தூக்கவும் முடியாது. இரண்டு மாதம் தொடர்ந்து கட்டாமல் இருந்து, 21 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். அதனால் கடிதம் வந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஏடிஎம் கார்டு. போலீஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டு, பேங்குக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். வேறு பேங்கில் புதுக் கணக்குத் திறந்து, சம்பளத்துக்கு முன்னாலேயே எச்ஆரில் நம்பரைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் மாதக் கடைசியில் மாற்றச் சொன்னால் அடுத்த மாதம்தான் மாறும்.

மணியம் தாமான் 3:

கிராணி ஐயா கணக்கு சரி. ஆனால் ஆலோங் கணக்குப் பார்க்க மாட்டான். கார்டை நிறுத்தின மறுநாள் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவான், ஸ்கூல் பிள்ளைகள் போகிற வழியில் போஸ்டர் ஒட்டுவான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அம்மா பணத்தில் 3,000 மட்டும் எடுத்து அந்த ஒன்றை முடித்துவிடுங்கள். 38,000-இல் 3,000 போனால் அம்மா தெருவுக்கு வந்துவிட மாட்டார்.

ஓய்வுபெற்ற கிராணி:

மணியம் சொல்கிற பயம் நியாயமானது. சாயம் ஊற்றின வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 3,000 கொடுத்த பிறகு 'லேட் சார்ஜ்' என்று இன்னொரு 2,000 கேட்பான். ரசீது ஏது, கேட்க யார்? கொடுப்பதாக இருந்தாலும் ரிப்போர்ட் முதலில். ஃபோனில் வந்த மிரட்டல், பணம் எடுத்த பதிவு எதையும் அழிக்க வேண்டாம். அப்படியே காட்டுங்கள்.

இன்னொன்று, அம்மாவை எதற்கும் ஜாமீன் நிற்க வைக்காதே. 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, சொந்த உபயோகத்துக்கான காடி, குடியிருக்கும் வீடு, படிப்பு, இந்த மாதிரிக் கடன்களுக்குக் கைம்மாறு இல்லாமல் ஜாமீன் நிற்பவரைத் திவாலாக்க முடியாது என்று வைத்தார்கள். பெர்சனல் லோன் அதில் வராது.

கெட்டில்காரி:

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா, உங்கள் 33,000 கணக்கை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, காடியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அம்மாவின் இபிஎப் அப்படியே இருக்கும். நாளை காலை தம்பியோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அங்கிருந்து நேராக பேங்க். 3,000 கொடுப்பதா வேண்டாமா என்று ரிப்போர்ட்டுக்குப் பிறகு போலீஸ் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வோம். கொடுத்தாலும் அம்மா பணம் இல்லை. காடியை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஃபேக்டரி பஸ்ஸில் போகட்டும். பெட்ரோலில் மிஞ்சுகிற காசும் என் சம்பளத்தில் கொஞ்சமும் போதும்.

ஒரு கேள்வி. தம்பி மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, ஆறு மாதத் தவணை முடியப் போகிறது. அதையும் ஏகேபிகேவில் சொல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற கிராணி:

சொல்லணும்மா. அடகை அவர்கள் மாற்றி அமைக்க மாட்டார்கள், ஆனால் மாதச் செலவில் அதுவும் ஏறினால்தான் கணக்கு உண்மையாக இருக்கும். அதுவரை வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், முழுகவிடாதீர்கள். அந்தப் பெண்ணையும் கூட அழைத்துப் போ. வீட்டில் என்ன செலவாகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். கையில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் ஸ்டேட்மெண்ட் எல்லாம், அவன் பெயரில் உள்ள பேங்க் கடன்களைக் காட்டும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கை, இவை இருக்கட்டும். அறிக்கையை பேங்க் நெகாராவின் இணையப் பக்கத்தில் இலவசமாக எடுக்கலாம்.